நாற்பது நிமிடத் தூரம்

எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தில் அவருக்கு 'நாப்பது' என்று பெயர். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி, அதே பதில். பக்கத்து நகரத்துக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும், கணினியைப் பார்க்காமலே, "நாப்பது நிமிஷம்தாங்க. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடலாம்" என்பார். வான்வழியில் நூற்று முப்பது கிலோமீட்டர், சாலையில் நூற்றெண்பது. பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். கேட்டால் மட்டும் அதைச் சொல்வார். கேட்கிறவர்களை எங்கள் முதலாளிக்குப் பிடிக்காது.

அடுத்த மேசையில் விசா படிவம் நிரப்புகிற எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏர்போர்ட் போறதுக்கே ஒண்ணரை மணி நேரம். அப்புறம் அங்க தேவுடு காக்கணும். அதெல்லாம் யாரு கணக்குலண்ணே?"

"அது பயண நேரத்துல வராதும்மா."

"பின்ன எதுல வரும்?"

"காத்திருக்கற நேரத்துல."

இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய அப்பா அந்த நகரத்தில், அக்கா வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவின் போன். அக்காவின் குரல் என் மேசை வரை கேட்டது.

"அப்பாவுக்கு மூச்சு வாங்குதுடா. உன்னைத்தான் கேக்கறாரு. எப்ப வருவே?"

"நாப்பது நிமிஷம்க்கா. இதோ கிளம்பிட்டேன்."

ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். எங்கள் கண்ணாடிக் கதவுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் பஸ் நிலையம். பத்தேகால் பஸ் நின்றுகொண்டிருந்தது. அது அக்காவின் தெருமுனையிலேயே இறக்கிவிடும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். நான்தான் டிக்கெட்டைப் பதிவு செய்து, டாக்சியையும் வரவழைத்தேன். அதற்காக என்னை நானே மன்னிக்கவில்லை.

பன்னிரண்டே முக்கால் விமானம் அரை மணி தாமதம். இறங்கி, வரிசையில் நின்று, டாக்சி பிடித்து அக்கா வீட்டுக்குப் போகும்போது மணி மூன்று. அப்பா இரண்டேகாலுக்கே போய்விட்டார். பஸ்ஸில் போயிருந்தால் ஒன்றே முக்காலுக்குப் பார்த்திருப்பார்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தவர், டிக்கெட் விவரம் வாசிக்கிற குரலில் இதையெல்லாம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவர் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாப்பது நிமிஷத்துல வந்துடுவான்னு அப்பாகிட்ட அக்கா சொல்லிட்டா. சுவர்க் கடிகாரத்தைக் கழட்டி எதிர்ல வைக்கச் சொன்னாராம். பத்தே முக்காலுக்கு வாசலைப் பாத்தாராம். பன்னெண்டு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டு, 'இந்தக் கடிகாரம் சரியா ஓடுதாம்மா?'ன்னு கேட்டாராம்."

 

அன்று மதியம் ஒரு பெண் வந்து, விமானத்தில் எவ்வளவு நேரமாகும் என்றாள்.

"நாப்பது நிமிஷம்" என்றவர், கொஞ்ச நேரம் கணினித் திரையைப் பார்த்தார். "அங்க உங்களுக்காக யாராவது காத்துக்கிட்டிருக்காங்களா?"

"அம்மா."

"எதிர்ல பஸ் நிக்குது. மூணரை மணி நேரம். அம்மாகிட்ட அஞ்சு மணி நேரம்னு சொல்லுங்க."

முதலாளி தன் அறையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். நாப்பது அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.