பென்சிலில் பதினாலு பேர்

அந்தப் பள்ளிக்கூடத்தின் கிளார்க்குக்குப் பெயர் ரிஜிஸ்டர் அக்கா. ஆறாம் வகுப்பு வாண்டுகள் முதல் ரிட்டயராகப் போகும் கணக்கு வாத்தியார் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். அவருடைய ஆபீஸ், தலைமையாசிரியை அறைக்கும் உடைந்த பெஞ்சுகள் அடைந்து கிடக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சந்து. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், உதைத்தால் மட்டும் திறக்கும் இரும்பு பீரோ. பத்தொன்பது வருஷமாக அதை வலது காலால்தான் உதைக்கிறார். செருப்பில் வலதுதான் முதலில் தேயும்.

அக்காவுக்குக் குரல் இரண்டு. ஆபீஸ் குரல் மூக்கிலிருந்து வரும்: "போட்டோ எங்க? கையெழுத்து எங்க?" வீட்டுக் குரல் வயிற்றிலிருந்து வரும். கல்லூரிக்குப் போகும் மகள் இரண்டையும் அச்சு அசலாகச் செய்து காட்டுவாள். "கையெழுத்து போட்டாத்தான் காப்பியா மேடம்?" என்று வேன் ஓட்டும் கணவரும் சேர்ந்துகொள்வார்.

இன்னொரு பழக்கம், சுற்றறிக்கையை முழுசாகப் படிப்பது. மற்றவர்கள் தேதியைப் பார்த்துவிட்டு ஃபைலில் செருகுவார்கள். அக்கா கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்துவரை போவார்.

"துப்பறியும் கதை மாதிரி படிக்கிறீங்களே, கடைசில யாரு கொலகாரன்?" என்பார் தலைமையாசிரியை.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மாணவர் 212. பெண்கள் 109, ஆண்கள் 103. வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் 58. வேலைக்காக இடம் மாறும் குடும்பத்துப் பிள்ளைகள் 47. இதெல்லாம் அக்கா அனுப்பிய கணக்கு. கீழே அவர்கள் போட்ட கணக்கு: தேர்வுச் சராசரி 43. மூன்று வருஷம் தொடர்ந்து 45-ஐத் தொடாத பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். இது மூன்றாவது வருஷம். திருத்தம் ஏதும் இருந்தால் பத்து நாளில் அனுப்ப வேண்டும்.

தலைமையாசிரியை பதிவேட்டைப் புரட்டினார். பதினாலு பெயருக்கு நேராகப் பென்சிலில் 'வருவாங்க' என்று அக்கா எழுதியிருந்தார். பெற்றோர் வெளியூரில் கட்டடம் கட்டப் போன பிள்ளைகள். தேர்வன்று வரவில்லை. பதினாலும் முட்டை.

"அக்கா, இந்தப் பதினாலையும் அடிச்சா சராசரி நாப்பத்தாறு. சிவப்புப் பேனா இந்தாங்க."

"அடிச்சா திரும்பி வரும்போது எந்தப் பேப்பரக் காட்டிச் சேருவாங்க மேடம்? எனக்கு முன்னால இருந்தவர் ஒரு புள்ளயோட பேர அடிச்சுட்டாரு. அது நாலு மாசம் கேட்டுக்கு வெளிய நின்னுச்சு. அப்புறம் நிக்கக்கூட வரல."

"பள்ளிக்கூடமே இல்லன்னா எதுல வந்து சேருவாங்க? அதுக்கும் ஒரு பென்சில் வச்சிருக்கீங்களா?"

அன்பாகச் செய்த வேலையே பள்ளியின் கழுத்தைப் பிடிக்கிறது என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பேனாவை வாங்கிக்கொண்டு சந்துக்குப் போனார். முதல் பெயர்மேல் பேனாவை வைத்தார். எடுத்தார். பீரோவை ஓர் உதை விட்டு, தேர்வுச் சுற்றறிக்கையை மறுபடி எடுத்தார்.

ஆறாம் பக்கம், நட்சத்திரக் குறிக்குக் கீழே எறும்பு எழுத்து: வெளியூரில் இருக்கும் மாணவர், முடிவு வந்த பத்து நாளுக்குள் அருகிலுள்ள எந்த அரசுப் பள்ளியிலும் மாற்றுத் தாளை எழுதலாம்.

"மேடம்! கொலகாரன் கெடச்சுட்டான்!"

சராசரி 45 ஆக இன்னும் 424 மார்க் வேண்டும். அக்கா போனை எடுத்தார். பெற்றோரிடம் வீட்டுக் குரல், பள்ளிகளிடம் ஆபீஸ் குரல். மாற்றி மாற்றிப் பேசியதில் தொண்டை கட்டிக்கொண்டது. முதல் வருஷமே பள்ளி மணியை உடைத்து 'மணிக்காரி' என்று பேர் வாங்கிய ஏழாம் வகுப்புப் பெண்ணின் அப்பா எடுத்ததும் பதறினார்.

"மேடம், அவ இப்ப அந்த ஊர்லயே இல்லையே! அங்க என்னத்த உடைச்சா?"

"ஒண்ணும் உடைக்கலண்ணே. பரீட்ச எழுதணும்."

"அவளா?" என்று அவர் கேட்டதில், உடைத்திருந்தாலே பரவாயில்லை என்பது போல ஒரு தொனி இருந்தது.

அவர்கள் இப்போது இருந்த ஊர்ப் பள்ளியின் கிளார்க் தூங்கி வழியும் குரலில், "லெட்டர் வேணுமே... சீல் வேணுமே..." என்று இழுத்தார்.

"சார், நானும் கிளார்க்குதான். இதே இழுப்ப நானும் தெனம் இழுக்கறேன். லெட்டர் உங்க மெயில்ல இருக்கு, சீலோட."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "அனுப்புங்கக்கா புள்ளைய." அங்கேயும் அக்காவாகிவிட்டார்.

பதினோரு பேர் எழுதினார்கள். மூன்று பேரின் போன் எடுக்கப்படவே இல்லை. ஒன்பதாம் நாள் பத்துப் பேருடைய மார்க் வந்தது: கூட்டினால் 382. பாக்கி 42 வேண்டும். வராத மார்க், மணிக்காரியுடையது.

"முடிஞ்சது கத" என்றார் கணக்கு வாத்தியார். "போன பரீட்சைல அவ எடுத்தது இருபத்தொன்பது."

பத்தாம் நாள் மத்தியானம் போன் வந்தது. தூங்கி வழியும் அதே குரல்: "அக்கா... உங்க பொண்ணு... இருங்க, கண்ணாடி... நாப்பத்தேழு."

அக்கா போனை வைத்துவிட்டுக் கூட்டினார். மறுபடி கூட்டினார். 212-ஆல் வகுத்தார். 45.02. தாளைத் தலைமையாசிரியை முன்னால் வைத்து, அந்த எண்ணைச் சுட்டிக்காட்டினார். தலைமையாசிரியை எழுந்து நின்று, தன் நாற்காலியைக் காட்டினார். பத்தொன்பது வருஷத்தில் அக்கா அந்த அறையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் மணிக்காரி திரும்பி வந்தாள். "மணி எங்கக்கா?"

"உனக்கு எட்டாத எடத்துல, கரண்டு மணி."

அக்கா அவள் பெயருக்கு நேராக இருந்த பென்சில் எழுத்தை அழித்தார். பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை சீண்டினார்: "பரீட்ச எழுதாத மூணு பேர் இன்னும் பாக்கி இருக்காங்களே, அடிச்சிரலாமா? சராசரி ஏறும்."

"ரப்பர் மட்டுந்தான் மேடம் இருக்கு. சிவப்புப் பேனாவ அன்னைக்கே தொலச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா போனை எடுத்து, எடுக்கப்படாத அந்த மூன்றில் முதல் நம்பரை மறுபடி அழுத்தினார்.