தனியாகக் கவனித்த மீன்

எந்த மீனோடு எந்த மீன் சேரும் என்று கேட்டு எனக்கு ஃபோன் வராத வாரமே கிடையாது. பேகம்பூரில் எங்கள் சொந்தக்காரர்கள் வீடுகளில் இருக்கிற மீன்தொட்டிகளில் பாதி நான் சொல்லிக்கொடுத்து வைத்தவைதான். மகன் கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டு ஒரு தொட்டி வாங்கினான். வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்குப் போனபோது அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். முதலில் அவனைத் திட்டிக்கொண்டேதான் தண்ணீர் மாற்றினேன். போகப்போக எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கோல்டு ஃபிஷ்ஷைக் கப்பியோடு விடாதே, ஏஞ்சல் என்பதெல்லாம் பேரில்தான், வாய்க்குள் நுழைகிற எதையும் அது விட்டுவைக்காது, டைகர் பார்ப் இருக்கிற தொட்டியில் நீளத் துடுப்பு மீனை விட்டால் கடித்தே குதறிவிடும் என்றெல்லாம் என் நாத்தனாருக்கு உட்கார வைத்துப் பாடம் எடுப்பேன். இவ்வளவும் தெரிந்த நான் போன மாதம் செய்த காரியத்தை நினைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்கள் மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். குஜிலியம்பாறைப் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம். இங்கே ஒரு மருத்துவமனை லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. முப்பது வயது இருக்கும். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகத் தூங்குகிறவள். எனக்கு அதைக் கண்டாலே மனசு கேட்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சகன் சாப்பாடு. பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். பெண்கள் பக்கம் நான், நாத்தனார், நாத்தனாரின் மருமகள், ஆக மூன்று பேர்தான். நாலாவது பக்கம் காலியாக இருந்தால் எனக்குக் கண்ணை உறுத்தும். அதனால் படியடியில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுப்பேன். அவளும் இறங்கி வந்துவிடுவாள். நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பேன்.

அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு ஃபைட்டர் மீன் இருந்தது. கருநீல உடம்பு, நீளமான சிவப்பு வால். அகலமான கண்ணாடி ஜாடி ஒன்றில் அதுவும் அவளைப் போலவே ஒண்டியாக இருந்தது. ஊரில் கோயில் திருவிழா என்று ஒரு வார லீவு போட்டுக் கிளம்பியவள், ஜாடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது.

"அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. இதத் தனியா கவனிச்சுக்கங்க. கொஞ்சமா தீனி போட்டாப் போதும்."

"நீ நிம்மதியாப் போயிட்டு வா தாயி. தனியாவே கவனிக்கிறேன்."

எங்கள் ஆட்களிடம் ஒருவரைத் தனியாகக் கவனிக்கச் சொன்னால் என்ன அர்த்தம்? கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டுக்காரர்களைத் தனியாகக் கவனிங்க என்றால், தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தவா செய்வோம்? மற்றவர்களை விட ஒரு கை கூடுதலாக உபசரிப்போம். எனக்கு அந்த அர்த்தம் மட்டும்தான் காதில் விழுந்தது.

ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன். அடுப்படி மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் அந்த ஜாடி. கூடத்தில் என் பெரிய தொட்டியில் விளக்கும் செடியும் குமிழியுமாக ஒரே கொண்டாட்டம். விருந்தாளியை அடுப்படியில் உட்கார வைத்துவிட்டு வீட்டு ஆட்கள் கூடத்தில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. என் தொட்டியில் டைகர் பார்ப் கூட்டம் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் வீட்டு பார்ப்புகள் அப்படிப்பட்டவை இல்லை என்று நினைத்தேன். மோலி மீன்களோடு இத்தனை நாளாகச் சண்டை சச்சரவு இல்லாமல் குடித்தனம் நடத்துகின்றனவே. தெருவில் எந்தப் பையன் கல்லை விட்டெறிந்தாலும் என் பிள்ளை எறிந்திருக்கமாட்டான் என்று சாதிக்கிற அம்மாக்களைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருக்கிறேன். மோலிகளுக்கு இழுத்துக் கடிக்கிற அளவுக்கு வால் இல்லை என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

முறைப்படிதான் செய்தேன். பாலிதீன் பையில் வைத்து மிதக்கவிட்டு, தண்ணீர் பழகியபிறகு திறந்துவிட்டேன். அது துடுப்பை விரித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே மூலையில் தீனியைப் போட்டேன். ஒரே சகனில் கை வைத்தவர்கள் அடித்துக்கொள்ளமாட்டார்கள் என்பது என் எண்ணம். வீடியோ எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"மதினி, டைகர் பார்ப்போட நீளத் துடுப்பு ஆகாதும்பீங்களே?"

"அதெல்லாம் வளக்குற விதத்துல இருக்கு," என்றேன். எவ்வளவு திமிர்.

காலையில் டீ போட எழுந்து வந்து பார்த்தால் ஃபைட்டரைக் காணவில்லை. ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. எலி கடித்த தாவணி மாதிரி வால் கிழிந்து தொங்கியது. ஒரு பக்கத் துடுப்பு அடியோடு இல்லை. அதற்கு முன்னால் இரண்டு பார்ப்புகள் காவல் நின்றன. என் பிள்ளைகள். அள்ளி ஜாடியில் போட்டபோது சாய்ந்தே மிதந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்றவர்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன உயிர். அவள் வருவதற்குள் செத்துப்போனால் என்ன சொல்வேன்?

வீட்டுக்காரர் தோல் கிடங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜாடியை எட்டிப் பார்த்தார்.

"அதே கலர்ல ஒண்ணு வாங்கி வச்சிரு. மூஞ்சி தெரியவா போகுது?"

போங்க என்று அவரைத் திட்டினேன். திட்டிய நானே பதினோரு மணிக்கு பர்தாவை மாட்டிக்கொண்டு மீன் கடையில் போய் நின்றேன். கருநீலத்தில் சிவப்பு வாலோடு ஒன்று இருக்கத்தான் செய்தது. கடைக்காரர் அந்தப் பாட்டிலை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டியதும் கூச்சமாகிவிட்டது. பாதாம் இலை மட்டும் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்த இலைச்சாறு இறங்கிய தண்ணீரில் காயம் ஆறும். குடிக்கப் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரில் தினமும் ஜாடியை மாற்றினேன். நாத்தனார் ஃபோன் செய்தபோதெல்லாம் மீனைப் பற்றிக் கேட்பாரே என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த வாரம் யார் வீட்டுத் தொட்டிக்கும் நான் யோசனை சொல்லவில்லை.

மீன் பிழைத்துக்கொண்டது. ஆனால் வால் முளைக்கவில்லை. அவள் பச்சை நிலக்கடலைப் பையோடு வந்து நின்றபோது ஜாடியை நானே எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"தனியா இருக்கட்டும்னுதேன்க்கா சொன்னேன்," என்றாள். குரலில் கோபமே இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"பாவமா இருந்துச்சு தாயி. ஒண்டியாக் கெடக்குதேன்னு..."

"அது பாவமில்லக்கா. அதுக்கு அப்படி இருக்குறதுதேன் புடிக்கும்." ஜாடியைத் தன் பக்கம் திருப்பி, கிழிந்த வாலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் அப்படித்தேன்."

எனக்கு விளங்கவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுச் சாப்பாடு நல்லாத்தேன் இருக்கும். ஆனா வாரம் பூரா ஊசியும் ரத்தமும், அழுகுற புள்ளைகளும். ஞாயித்துக்கிழம ஒரு நாளாச்சும் யார்கிட்டயும் பேசாம, மோர்ச்சோத்தத் தின்னுட்டுப் படுத்துக் கெடக்கணும்போல இருக்கும். நீங்க ஆசையாக் கூப்பிடுறப்ப வரலன்னு சொல்ல வாய் வரலக்கா."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை கறித்துண்டு! அப்புறம்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. குரல் கொடுத்தால் அவள் இறங்கி வர எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தூக்கக் கலக்கத்தில் கண் சிவந்திருக்கும். தட்டில் தன் பக்கத்தை மட்டும் வேகமாகத் தின்று முடிப்பாள். போதும்க்கா, போதும்க்கா என்பாள். எங்கள் வீட்டில் போதும் என்றால் இன்னும் கொஞ்சம் வை என்றுதான் அர்த்தம். நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். அன்புதான், வேறு ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. கடித்த பார்ப்பைக்கூடத் தொட்டியிலிருந்து பிடித்து வெளியே போடலாம். இந்த அன்பை எங்கே பிடித்துப் போடுவது?

"இனிமே கூப்பிடல தாயி," என்றேன்.

"எப்பயாச்சும் நானா வாரேன்க்கா," என்றாள்.

ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல் பார்த்துப் பார்த்துப் படியேறினாள். உச்சி வேளை. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கறி ஆணத்தின் குழம்பு மணம் வாசல் வரை வந்தது. பஸ்ஸில் வந்த பசி அவளுக்கு இருந்திருக்கும். சாப்பிட்டுப் போ என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லாமல் ஒருவரை என் வாசலிலிருந்து நான் அனுப்பியது அன்றுதான் முதல் தடவை.