துரை வீட்டுத் தூண்டில் கம்புகள்

எங்கள் மாமாவைப் போல ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கத் தெரியாத மனிதரை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஈப்போ, கோலாலம்பூர், மேடான் என்று சுற்றிவிட்டேன். ஒரு ஜோடி செருப்புக்கு அரைநாள் கடையில் நிற்கிறவர்களிடமும் வேலை பார்த்திருக்கிறேன். மாமாவோ பதினோரு தூண்டில் கம்புகளையும் ஐந்து ரீல்களையும் எங்கள் வீட்டுத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ஐந்து நாள் உட்கார்ந்திருந்தார். நடக்க வழியில்லாமல் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனது நானும் அம்மாவும்தான்.

அது பினாங்கில் ஜப்பான்காரன் இருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. முதல் குண்டுவீச்சிலேயே அப்பா போய்விட்டார். அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, மூன்று பேரும் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். மூன்று வேளையும் ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்குதான். சில நாள் இரண்டு வேளை.

மாமா வெள்ளைக்காரனின் கப்பல் ஆபீசில் கடிதம் எழுதுகிற கிராணியாக இருந்தவர். துரை ஊரைவிட்டு ஓடியதும் வேலையும் போயிற்று. வேலையில்லாத தமிழ் ஆண்களைப் பிடித்துச் சயாமில் ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மாமாவையும் திடலில் வரிசையில் நிறுத்தினார்கள். என்ன வேலை தெரியும் என்ற கேள்விக்கு, எழுதப் படிக்கத் தெரியும் என்று சொன்னவர்கள் எல்லாம் லாரியில் ஏறுவதை மாமா பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். தன் முறை வந்ததும், "துரைக்குத் தூண்டில் சாமானெல்லாம் நான்தான் பார்த்துக் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

முழுப் பொய்யென்று சொல்ல முடியாது. துரை சீமையிலிருந்து கம்பு தருவித்தபோதெல்லாம் அதற்கான கடிதத்தைத் தட்டெழுதியவர் மாமாதான். எந்தக் கம்பு எத்தனை அடி, எத்தனை அவுன்ஸ், எது விலை கூடியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் குழம்புக்கு வெளியே ஒரு மீனை அவர் தொட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்து, துரையின் பங்களாவில் குடியேறிய ஜப்பானிய அதிகாரிக்குத் தூண்டில் ஆசை வந்திருந்தது. அவனும் தூண்டில் போட்டுப் பழகாதவன். பங்களாவில் கிடந்த கம்புகளைக் கட்டாகக் கட்டி மாமாவிடம் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஜுரு ஆற்று முகத்தில் கொடுவா பிடிக்க வேண்டும், அதற்கு எந்தக் கம்பு, எந்த ரீல் என்று பார்த்துக் கொண்டுவா என்றான். மீன் கிடைத்தால் மாமா அவனுடைய ஆள். கையில் முத்திரை குத்திய பட்டை கட்டிக்கொள்ளலாம், யாரும் பிடிக்க மாட்டார்கள். கிடைக்காவிட்டால் அடுத்த லாரி.

கொடுவாவை எனக்குத் தெரியும். பால் டின்னில் நூலைச் சுற்றிக்கொண்டு நான் படகுத்துறையில் கிடப்பேன். பெரும்பாலும் கெளுத்திதான் மாட்டும். இரண்டு தடவை கொடுவா என் இறாலை அடித்திருக்கிறது. அது கடிக்கிற ஜாதி இல்லை, அடிக்கிற ஜாதி. அடித்த வேகத்தில் துறையைத் தாங்குகிற மரக்கால்களுக்கு ஓடும். கால் முழுக்கச் சிப்பி. நூல் பட்டால் அறுந்தது. ஆக, ஓடவிடாமல் நிறுத்துகிற கம்புதான் வேண்டும். அந்தக் கம்புக்கட்டில் அப்படி ஒன்று இருக்கவும் இருந்தது. குட்டையாக, என் மணிக்கட்டுத் தடிமனில், சோற்றுத் தட்டளவு மர ரீலோடு.

"மாமா, இதான்" என்றேன்.

"அதுவா? துரையே தொடாதது. கொசுறா வந்துச்சு."

"கெட்டியா இருக்குலா."

"உலக்கைகூடத்தான் கெட்டியா இருக்கு. அதைக் கொண்டுபோயி அந்தாளு கையில குடுத்தா என் கன்னம்தான் வீங்கும். ஒரு அதிகாரிக்குக் குடுக்கிற பொருளாடி இது?"

அவர் எடுத்தது ஒன்பது அடிக் கம்பு. மூங்கிலைச் சிம்புசிம்பாகப் பிளந்து ஒட்டி, மெருகு பூசி, பட்டுநூல் சுற்றியது. இருந்ததிலேயே விலை கூடியது அதுதானாம். அதற்குப் பொருத்தமாக, இருந்ததிலேயே பளபளப்பான ரீல். அந்த ரீலைக் கம்புக்கு மேலே மாட்டுவதா கீழே மாட்டுவதா என்பதில் இரண்டு நாள் போயிற்று.

"மேல போட்டா கைப்பிடி வலப்பக்கம் வருது. கீழ போட்டா எடப்பக்கம் போவுது. படத்துல கீழதான் இருந்துச்சு."

"எந்தப் படத்துல?"

"கடுதாசியோட வந்த படத்துல."

"அந்தப் படத்துல இதே ரீலா?"

மாமா ரீலைக் கழற்றினார். மேலே மாட்டினார். பிறகு கீழே மாட்டினார்.

பின்சந்தில் வீசிப் பழகினார். ஒவ்வொரு வீச்சுக்கும் ரீல் நூலைவிட வேகமாகச் சுற்றி, நூல் முழுக்கக் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். சிக்கெடுக்கிற வேலை எனக்கு. ஒரு கூட்டைப் பிரித்து முடித்தால் அடுத்த கூடு தயாராக இருக்கும். என் நகமெல்லாம் தேய்ந்து சதை தெரிந்தது. ஒரு தடவை முள் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சாரோங்கில் மாட்டிக்கொண்டது. "பாத்தியா, பிடிக்குது!" என்று மாமா சந்தோஷப்பட்டதைப் பார்த்தபோது எனக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் ஏன் இத்தனை பாடுபடுகிறார் என்பதே எனக்கு விளங்கவில்லை. ஒலிபெருக்கி கட்டிய லாரி தெருத்தெருவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனதே! சயாமில் மூன்று வேளை சோறு, துணி, மூன்றே மாதத்தில் குடியிருக்க வீடு. போனவர்கள் ஒருவரும் திரும்பி வராததுகூட அங்கே சுகமாக இருப்பதால்தான் என்று நினைத்திருந்தேன். சோறு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வாய் ஊறும். நான்காம் நாள் மாலை சிக்கு நூலைத் தூக்கிப் போட்டேன்.

"பேசாம சயாமுக்குப் போயிடுங்க மாமா. அங்க சோறாவது இருக்கு. நாங்களும் பின்னாலயே வந்துர்றோம்."

அம்மா என்னை அடித்தாள். அவள் அடித்துப் பழக்கமில்லாதவள். அடி காதில் விழுந்தது. பிறகு அவளே அந்த நூலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தாள். மாமா ரீலுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதிகாரியின் விசைப்படகில் கடலைக் கடந்து அக்கரை ஓரமாகவே ஜுரு ஆற்று முகத்துக்குப் போனோம். இறாலை உயிரோடு வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி மாமா என்னையும் ஏற்றிக்கொண்டார். எதற்கு என்று எனக்குத் தெரியாதா? சிக்கெடுக்கத்தான். இரு பக்கமும் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் சேற்றில் வேர்களை ஊன்றி நின்றன. மாமா ஒன்பது அடிக் கம்பை இரண்டு கையாலும் ஏந்தி, பூசாரி தீபத்தட்டை நீட்டுகிற மாதிரி அதிகாரியிடம் கொடுத்தார்.

முதல் வீச்சு, குருவிக்கூடு. பல்லால் கடித்துப் பிரித்தேன். இரண்டாம் வீச்சும் அதே கதை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றாம் வீச்சு எப்படியோ வேர்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. விழுந்ததுதான் தாமதம், தண்ணீர் வெடித்தது. கம்பு வில்லாக வளைந்தது. அதற்கு மேலும் வளைந்தது. ஒரு கம்பு இருக்கிறது என்றே அந்த மீன் மதிக்கவில்லை. நேரே வேருக்குள் போயிற்று. நூல் அறுந்தது.

அதிகாரி கம்பைக் கீழே வைத்தான். கத்தவில்லை. "நீ பொய் சொல்லியிருக்கிறாய்" என்று மலாயில் மெதுவாகச் சொன்னான். மாமாவின் முகம் சாம்பலாகிவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். "ஒன்பது அடி, அஞ்சே முக்கால் அவுன்ஸ்... ஒன்பது அடி, அஞ்சே முக்கால் அவுன்ஸ்..."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஐந்து நாள், பத்து விரல் நகம், அம்மாவின் அடி! படகில் கிடந்த கம்புக்கட்டிலிருந்து குட்டைக் கம்பை உருவி அதிகாரியின் மடியில் போட்டேன். "துவான், அந்த நீளம் முட்டாள் கம்பு. இதுதான் கொடுவாவுக்கு. அசிங்கமாக இருக்கிறதென்று உங்களிடம் கொடுக்க மாமாவுக்குப் பயம்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் பொரிந்தேன். மாமாவைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது இல்லை. அந்த மீன் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

அதிகாரி மடியில் கிடந்த மர ரீலை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். பிறகு கம்பை எடுத்துக்கொண்டான். வீச வேண்டாம், வேர் ஓரமாக விட்டுவிட்டு மர ரீலைக் கட்டை விரலால் அழுத்திக்கொள் என்று செய்து காட்டினேன். வெயில் ஏறிய பிறகு மறுபடியும் தண்ணீர் வெடித்தது. அவன் பின்னால் சாய்ந்தான். கம்பு அசையவில்லை. மீன்தான் திரும்பியது. படகில் விழுந்தபோது அது என் இடுப்புயரம் இருந்தது. அந்த மனிதன் சின்னப்பையன் மாதிரி கத்திக் குதித்தான். அப்புறம் தன் பையிலிருந்து பட்டையை எடுத்து, மாமாவின் கையில் தானே கட்டிவிட்டான்.

மீன் முழுவதையும் அவனே கொண்டுபோனான். எங்களுக்கு மிச்சமானது டின்னில் ஆறு இறால். இதற்கா இத்தனையும் என்று வழி முழுக்க நான் முனகிக்கொண்டே வந்தேன். மாமா காதில் எதுவும் விழவில்லை.

மாலையில் பினாங்கு திரும்பி வெல்ட் கீ படித்துறையில் இறங்கினோம். அங்கே நூறு ஆண்கள் இருக்கும், துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கரை போய்ப் பிறை ஸ்டேஷனில் ரயில் ஏற வேண்டியவர்கள். ஓர் இளவட்டம் என் டின்னை எட்டிப் பார்த்தார்.

"என்ன பாப்பா, மீனு மாட்டுச்சா?"

"மாட்டுச்சு. ஜப்பான்காரன் கொண்டுபோயிட்டான். நீங்க சயாமுக்கா அண்ணே?"

"ஆமா. நீயும் வர்றியா?"

"எங்க மாமாவுக்குத் தைரியம் இல்ல. நீங்க போயி எங்களுக்கும் ஒரு வீடு பாத்து வையுங்க. தண்ணி கிட்டக்க இருந்தா நல்லது."

"பாத்து வைக்கிறேன். பேரச் சொல்லு."

சொன்னேன். மறந்துவிடாமல் இருக்க அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். எலும்பு நோகிற பிடி. பட்டை கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார். தைரியம் இல்லை என்றது சுட்டிருக்கும், நன்றாகச் சுடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பித் திரும்பி, அந்த அண்ணனுக்குக் கையசைத்துக்கொண்டே போனேன்.