மூச்சு விடும் இடம்

எங்கள் ஆலயத்தில் ஆர்கன் பெஞ்சுக்கு மேலே ஒரு கண்ணாடி உண்டு. சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசிப்பவர், பின்னால் நடப்பதைப் பார்ப்பதற்காக மாட்டியது. அதன் மேல் இப்போது ஒரு வெள்ளைத் துணி தொங்குகிறது. போட்டவள் நான்தான். யார் கேட்டாலும் "தூசிக்கு" என்று சொல்லிவிடுவேன். உண்மையை இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். கதை கட்டத் தெரிந்தவளாக இருந்தால் இதைவிட நல்ல முடிவாகக் கட்டியிருப்பேன். இது நடந்தது. எனக்கே நடந்தது.

நான் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவள். பட்டனைத் தட்டினால் தாளம் தானாக ஓடும். அதன் பின்னால் நானும் ஓடுவேன். இருபது வருஷமாக அதுதான் பிழைப்பு. ஆலய ஆர்கன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அது அண்ணியின் ராஜ்ஜியம்.

அண்ணனின் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தபோது எல்லாம் தலைகீழானது. ஆக்சிஜன் குழாயை எடுத்தால் ஐந்து நிமிஷம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணிக்குப் பகலும் இரவும் கட்டிலருகேதான். ஆலயப் பாடகர் குழுவில் பாதி வாழ்க்கையை நின்றே கழித்த அண்ணன், முகமூடியை விலக்கி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாப்பா... ஞாயித்துக்கிழமை ஆர்கன் நிக்கக்கூடாது. நீ வாசி."

எனக்கு நாற்பத்திரண்டு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். எப்படி மறுப்பது?

சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் அண்ணி ஓடி வந்து கற்றுக்கொடுப்பார். முதல் நாளே என் கையில் ஒரு தட்டு தட்டினார்.

"எங்க ஓடற? பஸ் புறப்படுதா?"

"தாளம் தப்பலையே அண்ணி."

"தாளம் தப்பல. ஆளுங்கதான் செத்துடுவாங்க. ஒரு சரணம் முடிஞ்சதும் கைய எடு. அவங்க மூச்சு இழுக்கட்டும். அப்புறம் அடுத்தது."

"எவ்வளவு நேரம் விடணும்?"

"எண்ணாத. கேளு. சபை மொத்தமும் மூச்சு இழுக்கற சத்தம் உனக்கே கேக்கும். உன் கீபோர்டு, கேக்கறவங்களுக்கு வாசிக்கறது. இது பாடறவங்களுக்கு வாசிக்கறது. வித்தியாசம் புரியுதா கீபோர்டம்மா?"

புரிந்தது. விரலுக்குப் புரியவில்லை. வியாழக்கிழமை ஒத்திகையில் மூன்றாவது சரணத்திலிருந்து நான்காவதுக்கு ஒரே தாவாகத் தாவினேன். குழுவில் நெட்டை என்று ஒருவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

"அக்கா, பாடணுமா ஓடணுமா, ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போது அந்த ஞானப்பாட்டை முனகிப் பார்த்தேன். நான்கு சரணம். அண்ணனுக்கு உயிரான பாட்டு. வரிகளுக்கு நடுவே சத்தமே இல்லாத அந்தச் சின்ன இடத்தில்தான் பாட்டு உயிரோடு இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கல்யாண வீட்டில் நான் அந்த இடத்தைத்தான் இத்தனை வருஷமும் அடைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தனியாகப் பழகப் போனேன். மழை. ஆலயப் பணியாளர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"டீ குடிச்சிட்டு வந்துடறேம்மா. போறப்ப மோட்டார நிறுத்த மறந்துடாதீங்க."

ஆர்கன் குழாய்களுக்குக் காற்று ஊதும் மோட்டார் அது. 'ஊம்ம்ம்' என்று அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருக்கும். பெஞ்சுக்கு மேலே ஒரே ஒரு விளக்கு. பின்னால் முழுக்க இருட்டு. போனைப் பக்கத்தில் வைத்தேன். வாசிக்க ஆரம்பித்தேன்.

முதல் சரணம் முடிந்தது. கையை எடுத்தேன். மோட்டார் முனகியது. அப்புறம்...

ஹ்ஹ்ஹ்...

யாரோ மூச்சு இழுத்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து வந்தது போலிருந்தது. பணியாளராக இருக்கும் என்று கண்ணாடியைப் பார்த்தேன். காலி பெஞ்சுகள். கதவு சாத்தியபடியே இருந்தது. எங்கேயோ காற்றுக்குழாயில் ஓட்டை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டாவது சரணத்துக்குப் போனேன்.

யாரும் பாடவில்லை. ஆர்கன் சத்தம் மட்டும்தான்.

சரணம் முடிந்தது. கையை எடுத்தேன்.

ஹ்ஹ்ஹ்...

இந்தத் தடவை நடு வரிசை. ஒன்றல்ல. நான்கு மூச்சு. ஒன்று சளி கட்டியது, கனத்தது. ஒன்று முனகலோடு வந்தது. ஒன்று நூல் மாதிரி மெல்லியது. நான்காவது மூச்சின் முடிவில்... சின்னதாக ஒரு விசில்.

அந்த விசில் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பந்து பட்டு மூக்கு உடைந்த நாளிலிருந்து அண்ணன் மூச்சு இழுத்தால் அப்படித்தான் கேட்கும். சின்ன வயதில் இருவருக்கும் ஒரே அறை. இருட்டில் அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஆனால் அண்ணன் ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்கிறார்?

"அண்ணா...?"

இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நான் ஆரம்பிப்பதற்காக.

மூன்றாவது சரணத்தை வாசித்தேன். தலையைத் தூக்கினேன். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. என் மூச்சு அவ்வளவு உயரம் எட்டாது. வட்ட வட்டமாக... நான்கு இடத்தில்.

என் பிடரியில் சூடாகக் காற்று பட்டது.

சரணம் முடிந்தது. கையை எடுக்க வேண்டும். எடுத்தால் மறுபடி அந்தச் சத்தம் வரும். என் காதுக்குப் பக்கத்திலேயே வரும்.

எடுக்கவில்லை.

விரல்கள் ஓடின. நேராக நான்காவது சரணம்.

பின்னால்...

"க்ஹ்... க்க்..."

தொண்டை அடைத்தது.

நான்கு தொண்டைகள்.

நிறுத்தினேன். மோட்டார் மட்டும். போனில் மணி ஆறு நாற்பத்திரண்டு. கண்ணாடியில் அந்த வட்டங்கள் சுருங்கின. ஒவ்வொன்றாக.

ஓடிவிடத்தான் எழுந்தேன். 'ஆளுங்கதான் செத்துடுவாங்க.' அண்ணியின் குரல் காதில் அறைந்தது.

உட்கார்ந்தேன்.

மூன்றாவது சரணத்தின் கடைசி வரியை மறுபடி வாசித்தேன். கையை எடுத்தேன். கேட்டேன்.

ஒன்றும் இல்லை.

மறுபடி அதே வரி. கையை எடுத்தேன்.

எண்ணாத. கேளு...

கேளு...

ஹ்ஹ்ஹ்...

விசில்.

ஒன்றே ஒன்று.

மற்ற மூன்றுக்காகவும் காத்திருந்தேன்.

வரவில்லை.

அழுதுகொண்டே நான்காவது சரணத்தை வாசித்தேன். ஆமென் வாசித்துக் கையை எடுக்கவும் போன் அடித்தது. அண்ணி.

"போயிட்டாருன்னே நினைச்சேன்டி... மூச்சு நின்னே போச்சு... வந்துடுச்சு. இப்ப வந்துடுச்சு."

மறுநாள் ஆராதனையில் வாசித்தேன். இடம் விட்டு, நிதானமாக. நெட்டை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் அண்ணி மீதியைச் சொல்லியிருந்தார். ஆறே முக்காலுக்குச் சற்று முன் அந்த வார்டின் ஆக்சிஜன் குழாயில் காற்று வரவில்லையாம். சில நிமிஷம்தான். ஒரே குழாயில் நான்கு கட்டில்கள். ஒரு லாரி டிரைவர், ஒரு தையல்காரம்மா, ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், அண்ணன். பிழைத்தது அண்ணன் மட்டும். எப்படி என்று டாக்டருக்கே தெரியவில்லையாம்.

திங்கட்கிழமை அண்ணன் பேசினார். என்னைப் பார்த்ததும் முதல் பேச்சே அதுதான்.

"ஏன் பாப்பா, மூணாவது முடிஞ்சதும் அப்படி ஓடின?"

"யாரு சொன்னது? நெட்டையா?"

"யாரு சொல்லணும்? நான்தான் பாடிட்டிருந்தேனே. மத்த மூணு பேரும் என்னைப் பாத்து கூடவே முனகினாங்க."

அவர் காலியான மூன்று கட்டில்களையும் பார்த்தார்.

"நீ திரும்ப அந்த வரிய வாசிச்ச பாரு, எனக்கு இடம் தெரிஞ்சுது. எத்தனை வருஷமா பாடற பாட்டு! டக்குனு மூச்சு இழுத்துட்டேன். பாவம், அவங்களுக்குப் பாட்டே தெரியாது பாப்பா. எங்க மூச்சு இழுக்கறதுன்னு தெரியல. இன்னும் அங்கயேதான் நின்னுட்டிருக்காங்க."

அன்று சாயங்காலமே கண்ணாடிக்குத் துணி போட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, அந்தத் துணியைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஈரமாக இருக்கும்.

மூன்று இடத்தில்.