எண்ணிக்கைக்குள் அடங்காத நாடி

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நான் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அதுவரை ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். வீடுகளில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயில் ஏறிச் செங்கல்பட்டு போக ஆரம்பித்தேன்.

பாடம் நடத்தியவர் ஒரு நர்ஸ். என்னைவிட வயதில் நிறையச் சின்னவர். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். முதல் வாரமே பலகையில் 'வைட்டல் சைன்ஸ்' என்று எழுதினார். உடம்புச் சூடு, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஆக்சிஜன். இவை ஒவ்வொன்றையும் அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அளந்ததைச் சொல்லவும் தெரிய வேண்டும். அளப்பதில் எனக்குப் பயமில்லை. சொல்வதில்தான் நாக்கு சுளுக்கிக்கொண்டது. நாடி வேகமாக ஓடினால் டாக்கிகார்டியா, மெதுவாக ஓடினால் பிராடிகார்டியா. பிபியில் மேலே இருப்பது சிஸ்டாலிக், கீழே இருப்பது டயஸ்டாலிக். பத்தாவது வரை தமிழில் படித்தவளுக்கு இதெல்லாம் ஊர் பேர் தெரியாத சாமிகளின் பெயர்கள் மாதிரி இருந்தன.

"தமிழ்லயே சொன்னா ஆவாதா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"வீட்ல தாராளமா சொல்லுங்க. ஆனா டாக்டருக்குப் போன் போட்டு, 'அவரு ஒரு மாதிரியா கீறாரு'ன்னா அவருக்கு என்ன புரியும்? சரியான வார்த்தை சொன்னா, அவர் உடனே அடுத்தது என்னன்னு யோசிப்பாரு."

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். இரண்டு பெண் பிள்ளைகள்; புருஷனுக்கு முட்டுக்காடு போட் ஹவுஸில் வேலை. வகுப்பிலேயே பெரிய வாயாடி அவள்தான். நான் டாக்கியையும் பிராடியையும் மாற்றி மாற்றிச் சொல்லி முழித்தபோது அவள்தான் வழி காட்டினாள்.

"இன்னாக்கா இது கஷ்டம்? டாக்கின்னா இன்ஜினை ஃபுல்லா முடுக்கிவுட்ட போட்டு. பிராடின்னா இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு அலையில மெதந்துகினு கீற போட்டு. அவ்ளோதான்."

அதற்குப் பிறகு எனக்கு அது மறக்கவே இல்லை.

மூச்சை எண்ணுவதில் ஒரு தந்திரம் உண்டு. எண்ணப்போகிறோம் என்று சொல்லிவிட்டால் யாரும் இயல்பாக மூச்சு விடமாட்டார்கள். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, கண்ணால் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். எல்லோரும் ஜோடி ஜோடியாகப் பழகினோம். என் ஜோடி அவள். நான் நெஞ்சைப் பார்ப்பது தெரிந்ததும் வேண்டுமென்றே மூச்சை அடக்கிக்கொண்டு சிரிப்பாள்.

ஆனால் அவளுடைய நாடிதான் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு தடவை எண்பதைத் தாண்டும். அடுத்த தடவை எழுபதுக்குக் கீழே போகும். இரண்டு துடிப்பு சேர்ந்தாற்போல வந்துவிட்டு, அடுத்தது எங்கோ நின்றுவிட்டு வரும். ஒன்று பலமாக இருக்கும், ஒன்று விரலுக்கே எட்டாது. மற்றவர்கள் கையைப் பிடித்தால் ஒழுங்காக வந்தது.

"உனுக்கு எண்ணவே வரலக்கா. வுடு, நாளிக்குப் பாத்துக்கலாம்" என்றாள் அவள்.

மறுநாளும் அப்படியே. நான் கை தூக்கினேன். "சிஸ்டர், இவ கையில மட்டும் எனக்குக் கணக்கு நிக்கல."

சிஸ்டர் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சொல்லித் தருகிற முகம் மாறி, கேட்கிற முகமாக ஆனது. ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தார்.

"நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எண்ணலாம். நீங்க கையில, நான் நெஞ்சுல. ஒரு நிமிஷம்."

எண்ணி முடித்தோம். என் கணக்கு அவருடையதைவிட இருபதுக்கு மேல் குறைவு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நீங்க எண்ணினது தப்பில்ல. நெஞ்சுல அடிக்கிற எல்லாத் துடிப்பும் கைக்கு வந்து சேரல. இதுக்குப் பேரு பல்ஸ் டெஃபிசிட்" என்றார் சிஸ்டர்.

"இன்னா சிஸ்டர், பரீட்சைல வருமா இது?" என்று அவள் சிரித்தாள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"வாங்கும். வயசாவுதில்ல."

"சின்ன வயசுல முட்டி வீங்கி ஜுரம் வந்திருக்கா?"

"வந்துச்சே. ரொம்ப நாள் ஸ்கூலுக்கே போல. உங்களுக்கு எப்புடி தெரியும்?"

வகுப்பு முடியக்கூட விடவில்லை சிஸ்டர். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி, என்னையும் கூட அனுப்பினார். ஷேர் ஆட்டோவில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். என் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் டாக்டர் தலை நிமிராமலே, "என்ன பண்ணுது?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "பல்ஸ் இர்ரெகுலரா இருக்கு சார். பல்ஸ் டெஃபிசிட் இருக்கு. மாடி ஏறினா மூச்சு வாங்குது. சின்ன வயசுல முட்டி வீங்கி ஜுரம் வந்திருக்கு."

டாக்டர் நிமிர்ந்தார். "யார் பார்த்தது?"

"நான் எண்ணினேன் சார். எங்க சிஸ்டர் நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வெச்சு எண்ணுனாங்க."

அவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் என்னிடம் கிசுகிசுத்தாள்: "க்கா, டக்கு டக்குன்னு இன்னா இன்னாவோ சொன்னியே. டாக்டரே திரும்பிப் பாத்தாரு."

"எல்லாம் உன் கையைப் புடிச்சுப் படிச்சதுதான்" என்றேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. சின்ன வயதில் வந்த அந்த ஜுரம் செய்துவிட்டுப் போன வேலை. ரத்தம் உறைந்து மூளைக்குப் போயிருந்தால் கை கால் விழுந்திருக்கும், பேச்சே போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அவளுக்குப் பேச்சு போவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சில வாரம் மாத்திரை கொடுத்து, பிறகு சென்னைக்கு அனுப்பினார்கள். தொடை வழியாக ஒரு பலூனைச் செலுத்தி வால்வை விரித்துவிட்டார்கள். நெஞ்சைத் திறக்கவே இல்லை.

அவள் அடுத்த பேட்ச்சோடு சேர்ந்து படிப்பை முடித்தாள். இப்போது கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை. மாத்திரை தினமும் உண்டு, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை உண்டு. நான் ஊரப்பாக்கத்தில் ஒரு வயதான தம்பதியைப் பார்த்துக்கொள்கிறேன். அவர்களுடைய டாக்டர் போனில் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசுவதில்லை.

போன மாசி மகத்துக்கு அவள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவள் புருஷன் அதிகம் பேசாத மனுஷன். என் இலையில் வஞ்சிரம் வறுவலை அடுக்கிக்கொண்டே போனார். போதும் போதும் என்றேன்.

"சாப்புடுங்கக்கா. நீங்க அன்னிக்கி வுட்டுட்டுப் போயிருந்தீங்கன்னா இந்த வூட்ல ஆரு சமைப்பா?" என்றார்.

நானாக எதுவும் செய்துவிடவில்லை. எனக்கு எண்ண வரவில்லை என்று சொன்னபோது, எழுந்து வந்து தானும் எண்ணிப் பார்த்த ஒரு ஆசிரியை எனக்குக் கிடைத்தார். இப்போதும் யாருடைய மணிக்கட்டிலாவது விரல் வைக்கும்போது ஒரு கணம் அவரை நினைத்துக்கொள்கிறேன். அப்புறம்தான் எண்ண ஆரம்பிக்கிறேன்.