ஒதுக்கி வைத்த நம்பர்

நாலு பேர் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்தவர்களை நான் மறப்பதில்லை. மன்னிக்கப் பெரிய மனசு வேண்டும் என்பார்கள். எனக்கு மனசு நடுத்தரம்தான்.

கொடைக்கானல் பஜாரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் புக்கிங் ஆபீஸ். வட்டக்கானலில் காட்டேஜ்கள் வைத்திருந்த முதலாளிக்கு வரும் போன்களை அங்கேதான் எடுப்போம். நாங்கள் நாலைந்து பெண்கள். கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் சாப்ட்வேரைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில். யாராவது கூப்பிட்டால் அவர் நம்பர், முன்பு எத்தனை முறை கூப்பிட்டார், ரூம் எடுத்தாரா என்பதையெல்லாம் கால் சென்டர் சாப்ட்வேர் எங்கள் வெப் சர்வருக்கு அனுப்பும். யாரிடம் கொடுப்பது என்று சர்வர் பதில் சொல்லும். நான் ஹலோ சொல்வதற்குள் அவர் பெயர் திரையில் வந்து நிற்கும். சர்வரில் ஓடும் புரோகிராமை எழுதியது நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

சென்னையிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். முதல் வேலையாக, போனில் ஒலிக்கும் அறிவிப்புகளை எல்லாம் தன் குரலில் பதிந்தார். கணீரென்ற குரல்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு உத்தரவுகள். எங்கள் செல்போன்களை வாசலிலேயே ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். அடிக்கடி கூப்பிட்டும் ரூம் எடுக்காத நம்பர்களை ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த நம்பர் வந்தால் சர்வர் யாரிடமும் கொடுக்காது. "இந்த எண்ணுக்கு எங்கள் சேவை இல்லை. நன்றி, வணக்கம்" என்று அவர் குரல் சொல்லும், போன் கட்டாகிவிடும்.

"சார், அதெல்லாம் டிரைவருங்க நம்பரா இருக்கும்ங்க" என்றேன். வட்டக்கானலில் ஒன்றிரண்டு கம்பெனி சிம்முக்குத்தான் சிக்னல் கிடைக்கும். டாக்ஸி ரோட்டு முனையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே மண்பாதையில் எங்கள் ஜீப் மட்டும்தான் இறங்கும். ஜீப்பை வரச் சொல்ல, வருகிறவர்கள் டிரைவரின் போனை வாங்கித்தான் ஆபீஸைக் கூப்பிடுவார்கள். ஊருக்கே தெரிந்த வழக்கம். டாக்ஸி ஓட்டும் என் அண்ணனின் நம்பரிலிருந்து போன் வராத நாள் குறைவு.

"சொன்னதை மட்டும் செய்ம்மா" என்றார். செய்தேன்.

அந்த வாரமே ஒரு புதுமண ஜோடி அண்ணன் வண்டியில் வந்து ரோட்டு முனையில் மாட்டிக்கொண்டது. நல்ல மழை. அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போய், அவர்கள் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு நடத்திக் கூட்டிப்போனார். "என்ன பாப்பா, எப்பப் போட்டாலும் ஒரு ஆளு சேவை இல்லைங்கிறாரு" என்று வீட்டில் வந்து கேட்டார்.

மறுநாள் அந்த ஜோடி ஆபீஸுக்கே வந்து சத்தம் போட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். "இந்தப் பொண்ணு ஏதோ தப்பா எழுதி வெச்சிடுச்சு. கை கூப்பி மன்னிப்புக் கேளும்மா" என்றார். வேலை போய்விடுமே என்று மன்னிப்புக் கேட்டேன்.

அவர்கள் போனதும், "அந்த ரூலை எடுத்துரட்டுமா சார்?" என்றேன். எடுக்கச் சொன்னால் தப்பு தன்னுடையது என்றாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"இனிமே நீ எதையும் தொடாதே" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

சரி, தொடவில்லை.

முதலாளி காட்டேஜ்களைப் பார்க்க வந்தார். கொடைரோடு ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவர மேனேஜர் ஸ்டாண்டில் பிடித்த வண்டி அண்ணனுடையது. டிரைவர் என் அண்ணன் என்று அவருக்குத் தெரியாது. அன்றும் மழை. மத்தியானம் என் திரையின் ஓரத்தில் அண்ணன் நம்பர் வந்தது; பக்கத்தில் 'ஒதுக்கப்பட்டது' என்று சிவப்பில் விழுந்து மறைந்தது. திரும்ப வந்தது. திரும்ப மறைந்தது. வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பட்டனைத் தட்டினால் அழைப்பை என் பக்கம் இழுத்துவிடலாம். நான் பேக்கரியிலிருந்து வந்த டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். அவ்வளவு ருசியான டீ அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் சொன்னார். "மொதலாளிக்குக் காது மந்தம்னு ஸ்பீக்கர்ல போட்டேன் பாப்பா. சேவை இல்லைன்னு வந்துச்சு. அவரு மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, இது உங்க கொரலுதானேன்னாரு. அப்ப நீங்களே எறங்கிப் போய் வெரசா ஜீப்பக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாரு. பளபளன்னு ஷூ. பாதி வழியில வழுக்கி உக்காந்துட்டாரு. இடுப்பு வரைக்கும் சேறு அப்பிக் கெடக்கு." நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் முதலாளி ஆபீஸுக்கு வந்தார். மேனேஜர் வழக்கம்போல என்னைக் கை காட்டினார். "எழுதினது நான்தாங்க. எழுதச் சொன்னது சார். எடுத்துரட்டுமான்னு கேட்டேன், தொடாதேன்னுட்டாங்க" என்றேன். மற்ற பெண்கள் ஆமாங்க என்றார்கள். முதலாளி அவரைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"ஸாரிம்மா" என்றார் மேனேஜர், தரையைப் பார்த்து.

"கேக்கலைங்க சார்" என்றேன். நன்றாகவே கேட்டது. கணீரென்று இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.

சீசன் முடிவதற்குள் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் அந்த ரூலை எடுத்தேன். அண்ணன் நம்பரையும் மற்ற டிரைவர்கள் நம்பரையும் விடுவித்தேன். அறிவிப்புகளை எல்லாம் வேறு குரலில் மாற்றினேன், ஒன்றைத் தவிர.

இப்போது அவர் எங்கேயோ வேலை தேடுகிறாராம். இங்கே வேலை பார்த்ததற்குச் சர்டிபிகேட் கேட்டு அடிக்கடி கூப்பிடுகிறார். ஒதுக்கி வைத்த பட்டியலில் இப்போது இருப்பது நான் சேர்த்த அந்த ஒரு நம்பர்தான்; சர்வருக்கு வருகிறது, திரை ஓரத்தில் சிவப்பாக விழுகிறது. இந்த எண்ணுக்கு எங்கள் சேவை இல்லை என்று அவர் குரல் அவரிடமே சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. அந்த ஒரு அறிவிப்பை மட்டும் நான் தொடவில்லை. தொடாதே என்றவர் அவர்தானே.