துடுப்பை இறக்கச் சொன்னவர்

பவானியின் அழைப்பு வந்தபோது நான் சிலிண்டர் கொண்டுவந்தவரோடு வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் சிலிண்டரைத் தொப்பென்று போட்டு டைல்ஸை உடைத்துவிட்டு, அது ஏற்கெனவே உடைந்துதான் இருந்தது என்று அவர் சாதித்தார். போனை எடுத்து, "அப்புறமா பேசுடி, இங்க ஒருத்தரு என் உசுர வாங்கறாரு" என்றேன். அந்தப் பக்கம் அவள் போனை வைக்கவில்லை. "மேடம், சம்பத்து சார் போயிட்டாரு" என்றாள்.

பவானி எங்கள் கல்லூரிப் பயிற்சிப் பிரிவில் இருந்த பழைய கேடட். இப்போது திருப்பதியில் போலீஸ் கான்ஸ்டபிள். ரேணிகுண்டா சாலையில் கிரானைட் ஏற்றிய லாரி ஒன்று அவர் பைக்கை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தகவல் வந்து ஸ்டேஷனிலிருந்து போனவர்களில் அவளும் ஒருத்தி. முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியவில்லையாம். "நான் கையப் பாத்தேன் மேடம். எடது கை. கோணலா கீதே, அந்தக் கை. அதுக்கப்புறம் வேற எதுவும் பாக்கல" என்றாள். நான் சிலிண்டர்காரரை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, எதுனா கெட்ட சேதியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கல்லூரி மலரில் இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் சம்பத்திடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். சிலர் அடியும் வாங்கியிருப்பீர்கள். செத்துப்போனார் என்பதற்காக அவரைச் சாதுவாக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் கோபக்காரர். கை நீளும். நானும் கோபக்காரிதான், அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது.

எங்கள் கல்லூரியில் கடற்படை மாணவர் பயிற்சிப் பிரிவு ஒன்று உண்டு. ஆந்திராவில் இருக்கும் எங்கள் புத்தூர் பக்கம் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்காத ஆள் இல்லை. எங்களுக்கு ஏரிதான் கடல். எப்போதோ வந்து சேர்ந்த ஒரு பழைய துடுப்புப் படகும், வெள்ளை யூனிபார்மும், ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தன. பிள்ளைகளில் பெரும்பாலோர் எல்லையோரக் காலனிகளிலிருந்து வருபவர்கள். பெற்றவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பயிற்சி முடித்த சான்றிதழ் இருந்தால் போலீசிலோ ராணுவத்திலோ ஒரு கதவு திறக்கும் என்றுதான் சேருவார்கள். இயற்பியல் நடத்தும் என் தலையில் அந்தப் பிரிவைக் கட்டியது கல்லூரி. நீச்சல்கூட எனக்குத் தெரியாது.

படகை ஏற்றி இழுக்கிற இரும்பு வண்டி ஒருநாள் நடுரோட்டில் முறிந்தது. பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த ஆள் வண்டியைப் பார்க்கவே இல்லை, படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர்தான் சம்பத். படிக்கும் காலத்தில் இதே பிரிவில் கேடட்டாக இருந்து துரத்தப்பட்டவராம். ஜூனியர் பையன்களை சாக்ஸ் துவைக்கச் சொன்ன சீனியரை பெல்ட்டால் அடித்திருக்கிறார். "பித்தளை பக்கிள் இருக்கற பக்கத்தால அட்ச்சேன் டீச்சரக்கா. தப்புதான். தோல் பக்கத்தால அட்ச்சிருக்கணும்" என்றார். வண்டியைச் சரி செய்தவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானாகவே ஏரிக்கு வந்தார். அதற்கப்புறம் அவர் வராத ஞாயிறு எனக்கு நினைவில்லை.

ஒரு ஞாயிறு, கரையில் ஒரு குடிகாரர், நனைந்த உடுப்போடு நின்ற பெண் பிள்ளைகளை போனில் படம் பிடித்தார். சம்பத் போனைப் பிடுங்கி ஏரியில் எறிந்தார். ஆளையும் தூக்கி அதன் பின்னாலேயே எறிந்தார். அந்த ஆளுக்கு நீச்சல் தெரியாது என்று தெரிந்ததும், "அய்யய்யே, இது வேறயா" என்று தலையில் அடித்துக்கொண்டு குதித்தார். இழுத்துவந்து போட்டு, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுத்து, கண் திறந்ததும் மறுபடி ஒரு அறை விட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்படிப்பட்டவர் படகில் ஏறிவிட்டால் வேறு மனிதர். "படகுல ஏறிட்டா உன் கை உன்துது இல்ல. அது துடுப்புக்குச் சொந்தம்" என்பார். கடற்படையில் பெரியவர்களைக் கடக்கும்போது படகிலிருப்பவர்கள் செய்கிற வணக்கம் ஒன்று இருக்கிறது. ஒரே ஆணையில் எல்லாத் துடுப்பையும் நட்டுக்குத்தலாக வானத்தைப் பார்த்துத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து அசையாமல் உட்கார வேண்டும். ஆணை புத்தகத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். சம்பத் "தூக்கு" என்றும் "எறக்கு" என்றும் சொல்லிக்கொடுத்தார். அதற்கு அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். "தூக்குன்னு சொன்னவன்தான் எறக்குன்னு சொல்லணும். அது வரைக்கும் இடியே உழுந்தாலும் எவனும் எறக்கக் கூடாது." இந்தச் சட்டம்தான் பின்னால் எங்களுக்கு வினையானது.

ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் கஜேந்திரன். எங்கள் படகு வலையைக் கிழிக்கிறது என்று அவருடைய ஆட்களுக்குக் கோபம். காலனிப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் ஏரியில் சுற்றுவது அதைவிடப் பெரிய கோபம். வாய்ச்சண்டை வளர்ந்து, ஒரு வாரம் எங்கள் படகில் கல் நிரப்பி வைத்திருந்தார்கள். சம்பத் போய் அடிக்கப் போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவரோ, "மரியாதை குடுத்துப் பாப்போம் டீச்சரக்கா. எல்லாரும் கரையில வல காயப் போட்டுக்கினு இருப்பாங்க. எதிர்ல போயி ஒரு வணக்கம் வெப்போம்" என்றார். எனக்கும் நல்ல யோசனையாகவே பட்டது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அந்த வணக்கத்தை வணக்கம் என்று அறிந்தவர்கள் அந்த ஏரியில் நாங்கள் மட்டும்தான்.

நான் எதிர்க்கரையில் முதலுதவிப் பெட்டியோடு நின்றேன். படகு குத்தகைக்காரர்கள் முன்னால் போய் நின்றது. சம்பத் பின்னால் சுக்கான் பக்கம் எழுந்து நின்று, "தூக்கு!" என்று கத்தினார். இரண்டு ஆள் நீளத் துடுப்புகள் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன. கரையிலிருந்து ஒரு குரல், "காலனிப் பசங்க நம்ம மேலயே கட்டையத் தூக்கறானுங்கடா!" என்றது. அடுத்த கணம் கல் பறந்தது. முதல் கல்லே சம்பத்தின் காதோரம் பட்டு அவர் படகுக்குள் சரிந்தார்.

பிள்ளைகள் துடுப்பை இறக்கவில்லை. நான் சொல்லும்போது உங்களுக்கு நம்பிக்கை வராது. கல் தோளில் படுகிறது, நெற்றியில் படுகிறது. நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு கையும் துடுப்பில் இருப்பதால் முகத்தைக்கூட மறைக்க முடியாது. "எறக்குங்கடா! பாவிங்களா, எறக்குங்க!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். தூக்கச் சொன்னது நான் இல்லையே, அவர்கள் ஏன் கேட்பார்கள்? பவானியின் தாடையில் கல் பட்ட சத்தம் எதிர்க்கரையில் நின்ற எனக்கே கேட்டது. வாயிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் கொட்டுகிறது. அவள் துடுப்பு அசையவில்லை.

சம்பத் எழுந்தார். பாதி முகம் சிவப்பு. "எறக்கு" என்றார். அப்போதுதான் இறங்கின.

பையன்கள் கொதித்தார்கள். "ஓட்டுங்கண்ணா, கரைக்குப் போயி நாலு பேர சாய்ச்சிடலாம்" என்றான் ஒருவன். "எவனாவது துடுப்பத் தொட்டீங்க, நானே கைய ஒடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீரில் குதித்தார். காற்று படகை என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. அவர் அந்தப் பக்கம் நீந்திப் போய்க் கரையேறினார். ஏறியதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கால் அகற்றி நின்றார், அணிவகுப்பில் நிற்பதுபோல. வலைக்கு ஊன்றுகிற மூங்கிலால் அடித்தார்கள். குடிகாரரைத் தூக்கி எறிந்த அதே சம்பத், ஒரு கையைக்கூட முன்னால் கொண்டுவரவில்லை. முதுகில் விழ வேண்டிய அடி பின்னால் கட்டிய இடது கையில் விழுந்து எலும்பு முறிந்தது. கீழே விழுந்த பிறகு கஜேந்திரன், "போதும் உடுங்கடா" என்றார்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பவானியின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். வராந்தாவில் அவளுடைய நைனா சம்பத்தை அறைந்தார். "எம் பொண்ணு மூஞ்சியப் பாத்தியா? நீ தூக்கச் சொல்லாம இருந்தா இது ஆயிருக்குமா?" என்று இன்னொரு அறை விட்டார். அவரோடு வந்தவர்கள் மீன் கொட்டகைகளைக் கொளுத்தத் தயாராக நின்றார்கள். சம்பத் வாங்கிக்கொண்டு சொன்னார்: "இன்னும் அடிண்ணா. ஆனா கேஸு வாணாம், கொளுத்தவும் வாணாம். நாம குடுத்தா அவங்களும் குடுப்பாங்க, கட்டையத் தூக்கினாங்கன்னு. பசங்க பேரு எஃப்.ஐ.ஆர்ல ஏறிடிச்சின்னா எந்த வேலையும் இல்ல. உம் பொண்ணு போலீசு ஆவணும்னு எத்தினி வருசமா சொல்லிக்கினு கீது." அவள் நைனா சுவரில் சாய்ந்து அழுதார்.

அது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பல்லும் தாடையும் போன பெண்ணுக்கு நியாயம் கேட்க ஒருவரும் இல்லாமல் போனது. இதை அவரிடமே பலமுறை கத்தியிருக்கிறேன். "நான் எறக்கச் சொல்ல லேட் பண்ணிட்டேன் டீச்சரக்கா" என்பது மட்டும்தான் அவர் பதில். கைக்கு நாட்டு வைத்தியர்கள் புத்தூர்க் கட்டு போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை படகு தள்ள வேண்டும் என்று கட்டை முன்னதாகவே அவிழ்த்து எறிந்தார். கை கோணலாகவே கூடியது. இடது காது கேட்காமலே போனது. சில மாதங்களில் குத்தகைக்காரர்கள் அடங்கி, படகு மறுபடி ஏரியில் இறங்கியது. அதிகாரிகள் யாரோ பேசி முடித்தார்கள் என்றே நினைத்திருந்தேன்.

அவரை ஏரிக்கரைக்குப் பக்கத்தில்தான் புதைத்தோம். பழைய கேடட்டுகளும் இப்போதைய பிள்ளைகளும் அவர் பட்டறையில் வைத்திருந்த துடுப்புகளை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். பவானி காக்கி உடுப்போடு முதல் ஆளாக நின்றாள். ஏரிக்கரை மேட்டில் ஊர் ஜனம் கூடியிருந்தது. அதே ஜனம். துடுப்பைத் தூக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "வாணாம், கீழயே வெச்சிக்குங்க" என்றேன்.

அப்போது கஜேந்திரன் மாலையோடு முன்னால் வந்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "யாருய்யா உன்னக் கூப்ட்டது? பாக்கி எதுனா இருக்கா அடிக்க?" என்று கையை ஓங்கிவிட்டேன். அவர் நகரவில்லை.

"அடிக்கறதுன்னா அடிங்கம்மா. கட்டுப் போட்ட கையோட இவுரு எங்கூட்டுக்கு வந்தாரு, தெரியுமா உங்களுக்கு? எங்கூட்டு மூங்கிலயே எடுத்து, நடு வாசல்ல நின்னுக்கினு, இப்படித் தூக்கினா வணக்கம், இப்படித் தூக்கினா அடின்னு பாடம் எடுத்தாரு. மூங்கிலப் பாத்து எங்கூட்டு நாயி அவுரக் கடிச்சிடிச்சி. அப்பவும் எறக்காம சொல்லி முடிச்சிட்டுத்தான் போனாரு. மன்னிப்பு அவுரும் கேக்கல, நானும் கேக்கல. அன்னிக்கி எங்களுக்கு வெச்ச வணக்கத்த நாங்க சரியா பாக்கல. இன்னிக்கி வைங்க. பாக்கறோம்."

பவானி என்னைப் பார்த்தாள். தாடை கோணியிருக்கும் அந்த முகம். லேசாகத் தலையசைத்தாள்.

"தூக்கு!" என்றேன். என் வாழ்க்கையில் முதல் முறை. துடுப்புகள் ஒரே நேரத்தில் எழுந்தன. மேட்டில் இரண்டு பேர் பின்வாங்கினார்கள். ஒரு கிழவர் அனிச்சையாகக் கையால் தலையை மறைத்துக்கொண்டார். கல் எதுவும் வரவில்லை. கஜேந்திரன் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஒருவர் பின் ஒருவராக அவருடைய ஆட்களும் கட்டினார்கள்.

மண் தள்ளி முடிந்தது. துடுப்புகள் இறங்கவில்லை. வழக்கமாக சம்பத்தின் குரல் வரும் இடம் அது. எனக்கும் அதற்காகவே காத்திருக்கும் புத்தி. சின்னப் பிள்ளைகளின் துடுப்பு நுனிகள் பாரம் தாங்காமல் ஆட ஆரம்பித்தன. பவானியின் நெற்றியில் வியர்வை வழிந்தது, அவள் நேரே பார்த்தபடி நின்றாள். அப்புறம்தான் உறைத்தது. தூக்கச் சொன்னது நான். ஓங்கியிருந்த என் கை இன்னும் பாதி மேலேயே நிற்பதையும் அப்போதுதான் பார்த்தேன். அதைக் கீழே போட்டேன்.

"எறக்கு" என்றேன்.

அவருடைய பெல்ட்டை யாரோ எடுத்துக்கொண்டார்கள், தொப்பியைக் கல்லூரியில் வைக்கப் போகிறார்களாம். எனக்கு 'எறக்கு' என்ற அந்த ஒரு சொல் போதும். சிலிண்டர்காரர் போன வாரம் மறுபடி வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன்.